பாப்பாய் டாயில் யாரைக் கவனிக்கிறான்?

'தி ஃப்ரெஞ்ச் கனெக்ஷன்' என்றதும் எல்லோருக்கும் அந்தக் கார் துரத்தல்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது யாரும் ஓடாத, துப்பாக்கி வெடிக்காத ஒரு காட்சி. நியூயார்க்கின் குளிர்காலம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உயர்தர உணவகம். மர்செய் நகரிலிருந்து ஹெராயினோடு வந்திருக்கும் அலென் ஷார்னியே தன் அடியாள் நிக்கோலியோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு தட்டாக வருகிறது, ஒயின் வருகிறது. தெருவின் எதிர்ப்பக்கம், குளிரில் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி, போலீஸ் டிடெக்டிவ் ஜிம்மி டாயில் நிற்கிறான். 'பாப்பாய்' என்பது பட்டப்பெயர். கையில் ஒரு துண்டு பீட்சா, காகிதக் கோப்பையில் காபி. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அந்தக் காபியைத் தரையில் ஊற்றுகிறான். கண் மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

1971ல் வந்த இந்தப் படத்தின் பெரும்பகுதி இப்படித்தான். ஒருவன் இன்னொருவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். காருக்குள்ளிருந்து, தெருமுனையிலிருந்து, ரயில் மேடையிலிருந்து, ஒட்டுக்கேட்கும் கருவி வழியாக. டாயில் அளவுக்கு விடாமல் கவனிக்கிற ஒரு மனிதனை நான் சினிமாவில் அதிகம் பார்த்ததில்லை. அவனை நல்லவன் என்று சொல்ல ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது என்பதுதான் என் கேள்வி.

தமிழில் 'கவனி' என்பது ஒரு விசித்திரமான சொல். பாடத்தைக் கவனி என்றால் கூர்ந்து பார். அம்மாவை நல்லா கவனிச்சுக்கோ என்றால் பராமரி. ஸ்டேஷனில் வைத்து நல்லா கவனிச்சுட்டாங்க என்றால் அடித்துத் துவைத்துவிட்டார்கள். சார், கொஞ்சம் கவனிங்க என்றால் லஞ்சம். நான்கு அர்த்தங்களும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதை நாம் அன்றாடம் கவனிப்பதில்லை. போதைப்பொருள் ஒழிப்பு பற்றிய எந்தக் கதையையும் இந்த நான்கில் எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாயிலிடம் முதல் அர்த்தமும் மூன்றாவதும் தாராளமாக இருக்கின்றன. இரண்டாவது இல்லை. படத்தின் ஆரம்பத்தில் கறுப்பின மக்கள் கூடும் ஒரு பாரில் அவன் ரெய்டு நடத்துகிறான். எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி, மிரட்டி, அவமானப்படுத்துகிறான். அங்கே அவனுக்குத் தகவல் சொல்லும் ஆள் ஒருவன் இருக்கிறான். அவனை விசாரிப்பது போலக் கழிப்பறைக்கு இழுத்துப்போய்ச் செய்தியை வாங்கிக்கொள்கிறான்: தெருவில் சரக்கு இல்லை, எல்லோரும் பெரிய லோடு ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். வெளியே போகும்போது சந்தேகம் வரக் கூடாது, அதனால் அவனை ஓர் அடி அடிக்க வேண்டும். எங்கே அடிக்கட்டும் என்று டாயில் கேட்கிறான். படம் முழுக்க அவன் இன்னொரு மனிதனிடம் உனக்கு என்ன வேண்டும் என்பது போல எதையாவது கேட்பது, எனக்குத் தெரிந்து, இங்கேதான்.

(2023ல் அமெரிக்காவில் சில தளங்களில் வந்த பதிப்பில், டாயில் பேசும் ஓர் இனவெறி வசைச்சொல் வரும் சில விநாடிகள் வெட்டப்பட்டிருந்தன. ரசிகர்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். என் புகார் வேறு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவனை நேசிப்பது கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது. இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அதைச் சுலபமாக்க விரும்பவில்லை என்பதுதானே படத்தின் பலம்.)

துரத்தல் காட்சிக்கே வருகிறேன், ஆனால் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்துக்கு. நிக்கோலி மாடியிலிருந்து டாயிலைக் குறிவைத்துச் சுடுகிறான். குண்டு தவறி, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு பெண்மேல் பாய்கிறது. அவள் விழுகிறாள். உதவிக்கு ஆட்கள் கூடுகிறார்கள். மேலே ஒருத்தன் சுடுகிறான், அவளை விட்டுத் தள்ளிப் போங்க என்று டாயில் கத்துகிறான். சரியான எச்சரிக்கைதான். பிறகு அவன் ஓடிவிடுகிறான். படமும் அவனோடு ஓடிவிடுகிறது. அந்தப் பெண் பிழைத்தாளா, வண்டியிலிருந்த குழந்தையை யார் தூக்கினார்கள், நமக்குத் தெரியாது. மேம்பால ரயிலுக்குக் கீழே கார் பறக்கும் அடுத்த சில நிமிடங்களில் நாமும் அவளை மறந்திருப்போம். நான் மறந்தேன். மறக்கவைக்கும்படிதான் அது எடுக்கப்பட்டிருக்கிறது.

எடுத்த விதமும் அப்படியே. முறையான அனுமதியில்லாமல், போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்த புரூக்ளின் தெருவில், ஸ்டன்ட் டிரைவர் பில் ஹிக்மன் காரை ஓட்ட, ஃப்ரீட்கின் பின்சீட்டில் கேமராவோடு உட்கார்ந்து சில ஷாட்களை எடுத்தார். பொதுமக்களின் உயிரைப் பணயம் வைத்தேன், இப்போதாக இருந்தால் செய்யமாட்டேன் என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஒரு வேடிக்கை: படத்தில் டாயிலோடு ஓயாமல் உரசும் கூட்டாட்சி அதிகாரி மல்டெரிக்காக நடித்தவரும் அதே ஹிக்மன்தான்.

கடைசியில், பாழடைந்த ஒரு கட்டடத்துக்குள், ஷார்னியே என்று நினைத்து டாயில் சுடுவது அந்த மல்டெரிக்கை. சக அதிகாரி செத்துக் கிடக்கிறான். கூட்டாளி ரூஸோ அதிர்ந்து நிற்கிறான். டாயில் குனிந்து பார்க்கிறான், நிமிர்கிறான், துப்பாக்கியில் குண்டுகளை நிரப்புகிறான், அவன் இங்கேதான் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் நடக்கிறான். ஒரு வெடிச்சத்தம். படம் முடிந்தது. பிறகு திரையில் வரும் எழுத்துகள், பிடிபட்டவர்களில் பலர் லேசான தண்டனையோடு தப்பியதையும், ஷார்னியே பிடிபடவே இல்லை என்பதையும், டாயிலும் ரூஸோவும் போதைப்பொருள் பிரிவிலிருந்து மாற்றப்பட்டதையும் சொல்கின்றன.

அவனை எப்படி மதிப்பிடுவது? ஐரிஸ் மர்டாக் என்ற ஆங்கில நாவலாசிரியை தத்துவமும் எழுதியவர். 1970ல் வந்த அவருடைய 'தி சாவரின்டி ஆஃப் குட்' நூலில், நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும் ஓர் உதாரணம் இருக்கிறது: மாமியார், மருமகள். மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. நாகரிகம் தெரியாதவள், சத்தமாகப் பேசுகிறவள் என்று நினைப்பு. ஆனால் வெளியே ஒரு குறையும் காட்டாமல் நடந்துகொள்கிறாள். பிறகு ஒருநாள், நான் பழைய ஆள், கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம், இன்னொரு முறை பார்ப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். பார்க்கப் பார்க்க, நாகரிகமின்மை என்று நினைத்தது கபடமின்மையாகத் தெரிகிறது. வெளியே எதுவும் மாறவில்லை, நடத்தை முன்பும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓர் அறச்செயல் நடந்திருக்கிறது என்கிறார் மர்டாக். அறம் என்பது கடைசி நொடியில் எடுக்கும் முடிவில் மட்டும் இல்லை, அதற்கு வெகுமுன்பே, எதிரில் இருப்பவரை எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. சிமோன் வெய்லிடமிருந்து எடுத்துக்கொண்ட 'கவனம்' என்ற சொல்லைத்தான் அவர் இதற்குப் பயன்படுத்துகிறார்.

இப்போது டாயிலை இதில் வைத்துப் பாருங்கள். அவனிடம் கவனம் கொட்டிக்கிடக்கிறது. ஆனால் அது எதிரில் இருப்பவரை நோக்கித் திறக்கும் கவனமல்ல, குறுகிக் குறுகி ஒரு புள்ளியில் போய் நிற்பது. அந்தப் புள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் தகவல் தருபவராகவோ, தடையாகவோ, குறுக்கே வந்த தள்ளுவண்டியாகவோ மட்டும் இருக்கிறார்கள். இதில் பெரிய ஓட்டை, யாருக்காக இதெல்லாம் என்று வைத்துக்கொள்கிறோமோ, அந்த ஹெராயின் அடிமைகள். அவர்களில் ஒருவருடைய வாழ்க்கையையும் இந்தப் படம் ஒரு காட்சிக்குக்கூடப் பின்தொடர்வதில்லை. சரக்கின் தரத்தைச் சோதிக்கும் ஆள் வருகிறான், விலைபேசும் வக்கீல் வருகிறான். அதை உடலில் ஏற்றிக்கொள்ளப் போகிறவன் வருவதில்லை.

நம்மூர் 'கைதி'யில் (2019) இதற்கு நேரெதிர். போலீஸ் பிடித்த சரக்கு கமிஷனர் அலுவலகத்துக்கு அடியிலேயே கிடக்கிறது, ஊரே அதைச் சுற்றி அடித்துக்கொள்கிறது. ஆனால் டில்லிக்கு அதில் துளி ஆர்வமில்லை. அவனுக்கு மகளைப் பார்க்கணும். படத்தின் சூடு முழுக்க அங்கிருந்து வருகிறது. டாயிலுக்கு அப்படி ஒரு மகளோ, பார்க்கப் போக ஓர் ஆளோ இல்லை. அதைத் திரைக்கதையின் குறை என்று சொல்லிவிட முடியாது.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? ஒரு டிடெக்டிவ் அன்பானவனாக இருக்கணும்னு யார் கேட்டா? வேலை நடந்ததா இல்லையா, அதைச் சொல். இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. கப்பலில் வந்த லிங்கன் காரை போலீஸ் கராஜில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்கள். ஒன்றுமில்லை. வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக் காரைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ரூஸோ ஒரு கணக்குப் போடுகிறான்: தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள எடைக்கும் கப்பலில் ஏற்றும்போது பதிவான எடைக்கும் 120 பவுண்டு வித்தியாசம். கிட்டத்தட்ட 54 கிலோ. மெக்கானிக் பிரிக்காமல் விட்ட ஒரே இடம் கதவுகளுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல். அதற்குள் இருக்கிறது. இந்தப் பிடிவாதம் இல்லாமல் எந்தக் கடத்தலும் பிடிபடாது. விடாமல் ஒரு பிழையைத் துரத்திய இன்ஜினியர் எவரும் அந்தக் காட்சியில் டாயிலை வெறுக்க முடியாது. அது எனக்குப் பிடித்த காட்சி, மறைப்பதற்கில்லை.

ஆக, விளைவை வைத்தே பேசுவோம். படத்துக்குப் பின்னால் ஓர் உண்மை வழக்கு உண்டு. 1962 ஜனவரியில், பிரெஞ்சுத் தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவர் நியூயார்க்குக்குக் கப்பலில் கொண்டுவந்த பியூயிக் காரை ஒட்டி நடந்த வேட்டை. எடி ஈகன், சன்னி க்ரோஸோ என்ற இரண்டு டிடெக்டிவ்கள் கையாண்ட வழக்கு. சிக்கிய ஹெராயின் 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ராபின் மூர் இதைப் புத்தகமாக எழுதினார், ஃப்ரீட்கின் படமாக்கினார். 1972 ஏப்ரலில் சிறந்த படம், இயக்குநர், நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கர்.

அதே 1972 டிசம்பரில் நியூயார்க் போலீஸின் சாட்சியப் பொருள் கிடங்கில் ஒரு கண்டுபிடிப்பு. பல ஆண்டுகளாகப் பூட்டிவைத்திருந்த ஹெராயின் பைகளில் இருந்தது ஹெராயின் இல்லை, மாவு. அதில் வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. 1969க்கும் 72க்கும் இடையில், போலீஸ்காரன் என்று கையெழுத்துப் போட்டு யாரோ எடுத்துப் போய், மாவை நிரப்பித் திரும்ப வைத்திருக்கிறார்கள். மொத்தம் காணாமல் போனது சுமார் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ அளவிலான ஹெராயினும் கொக்கெயினும். அதில் ஃப்ரெஞ்ச் கனெக்ஷன் சரக்கும் அடக்கம். படத்தைப் பார்த்துத் திரையரங்குகளில் கைதட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், டாயில் உயிரைக் கொடுத்துப் பிடித்த பொருள் பெரும்பாலும் தெருவுக்கே திரும்பிப் போயிருந்தது. போலீஸ் கிடங்கின் வாசல் வழியாக. 'கவனி'க்கு நான் சொன்ன நாலாவது அர்த்தம்.

இதை வைத்து, பார்த்தீங்களா, எல்லாம் வீண் என்று முடித்துவிடுவது நேர்மையில்லை. அந்தக் கடத்தல் பாதை உண்மையிலேயே உடைக்கப்பட்டது. துருக்கியில் விளைந்த அபினிதான் மர்செய் ஆய்வகங்களில் ஹெராயினாக மாறியது. அமெரிக்க அழுத்தத்தில், நஷ்டஈடு வாங்கிக்கொண்டு, துருக்கி கசகசாச் செடி சாகுபடியைத் தடை செய்தது. பிரான்ஸில் ஆய்வகங்கள் பிடிபட்டன. 1972, 73 வாக்கில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஹெராயினுக்கு நிஜமான தட்டுப்பாடு வந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே மெக்ஸிகோவின் பழுப்பு ஹெராயினும் தென்கிழக்கு ஆசியச் சரக்கும் அந்த இடத்தை நிரப்பின. துருக்கியும் 1974ல் தடையை நீக்கி, கட்டுப்பாட்டோடு சாகுபடிக்கு அனுமதித்தது. பலூனை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும் என்று இந்தத் துறையில் சொல்வார்கள். வாங்குகிற கை அப்படியே இருக்கிறவரை விற்கிற கை முளைத்துக்கொண்டே இருக்கும்.

நான் வேலை செய்யும் குழு, ஆன்லைன் பணப்பரிமாற்றத்தில் மோசடியைப் பிடிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறது. சுவரில் ஒரு பெரிய டேஷ்போர்டு. இன்று எத்தனை பரிமாற்றங்களைத் தடுத்தோம், எவ்வளவு ரூபாய். அந்த எண் ஏறினால் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும். மருந்துக்கடை கவுண்டரில் நின்றுகொண்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று தெரிந்து பின்னால் இருக்கும் வரிசையைத் திரும்பிப் பார்க்கும் ஒருவரும், அவர் புகார் கொடுக்கும்வரை, அந்த வெற்றி எண்ணில் ஓர் இலக்கம்தான். கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை இது. தடுத்ததை எண்ண முடிகிறது, காத்ததை எண்ண முடிவதில்லை. அளவுகோலே இலக்காகிவிட்டால் அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பதைப் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975ல் பணக்கொள்கையை வைத்துப் பேசினார். பிடிபட்ட சரக்கை மேஜைமேல் அடுக்கி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டேஷ்போர்டு ஞாபகம் வரும்.

டாயில்களின் அதே நியூயார்க்கில், பியூயிக் பிடிபட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், இன்னொரு வகைக் கவனிப்பும் தொடங்கியிருந்தது. ராக்கஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் வின்சென்ட் டோல், மரி நிஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் நீண்டகால ஹெராயின் அடிமைகளைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஃபின் கொடுத்தபோது, அடுத்த ஊசி எப்போது என்று காத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், மெத்தடோனுக்கு மாறியதும் வேறு மனிதர்களானார்கள். ஒருவர் ஓவியம் வரையத் தொடங்கினார், இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடரணும் என்றார். டோல் இதைக் கவனித்தார். இரண்டு அர்த்தத்திலும். 1965ல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் நோயாளிகள் 22 பேர். போதைப்பொருள் துறை அதிகாரி ஒருவர் வந்து, நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனதை டோல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நிறைய பேருக்குத் தெரியாத இன்னொன்று: 1971 ஜூனில் போதையை முதல் எதிரி என்று அறிவித்த அதே நிக்ஸன், அதே மாதம் சிகிச்சைக்கென ஓர் அலுவலகத்தையும் தொடங்கினார். மெத்தடோன் மையங்கள் நாடெங்கும் பரவியது அதன் வழியாகத்தான். மெத்தடோனும் அடிமைத்தனம்தானே என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. விவாதிக்கட்டும். ஆனால் அந்த 22 பேருக்கும் முகம் இருந்தது, அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இருந்தது.

இதை யாரும் த்ரில்லராக எடுக்க முடியாது என்பது உண்மை. தினமும் காலையில் வரிசையில் நின்று ஒரு கோப்பை மருந்து குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவனை எந்தக் கார் துரத்தும்? நம் தலைமுறை இந்தப் பிரச்சினையைத் தெரிந்துகொண்டதே பெரும்பாலும் த்ரில்லர்கள் வழியாக. அதனால் அதைத் துரத்தலாகவே கற்பனை செய்து பழகிவிட்டோம்.

ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1975ல் எடுத்த இரண்டாம் பாகம் இந்த இடத்தில் ஒரு குரூரமான பரிசோதனையைச் செய்கிறது. ஷார்னியேவைத் தேடி டாயில் மர்செய்க்குப் போகிறான். மொழி தெரியாது, உள்ளூர் போலீஸ் மதிப்பதில்லை. ஷார்னியேவின் ஆட்கள் அவனைக் கடத்தி, ஒரு மலிவு ஹோட்டல் அறையில் அடைத்து, நாள்தோறும் ஹெராயின் ஏற்றுகிறார்கள். முதல் படத்தில் வராமல்போன அந்த முகம் இப்போது வருகிறது, டாயிலின் முகமாக. அங்கே ஒரு மூதாட்டி அவனைப் பார்க்க வருகிறாள். உன்னைப் பார்த்தால் என் மகன் மாதிரி இருக்கிறது என்று கையைத் தடவுகிறாள். தடவிக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொள்கிறாள். அவள் கையிலும் ஊசித் தழும்புகள். பரிவும் திருட்டும் ஒரே விரல்களில். இரண்டில் ஒன்று பொய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சக்கையாகப் பிழிந்த பிறகு அவனைப் போலீஸ் வாசலில் வீசிவிட்டுப் போகிறார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்தெலெமி அவனை ஒரு சிறை அறையில் வைத்து, மருந்தில்லாமல், போதையிலிருந்து மீட்கிறார். அங்கே டாயில் நடுங்கி அழுதுகொண்டே, தான் பேஸ்பால் ஆடப் போன கதையைச் சொல்வான். யாங்கீஸ் அணித் தேர்வு, அங்கே வந்திருந்த மிக்கி மேண்டல் என்கிற பையன், அவன் ஆட்டத்தைப் பார்த்ததும் தனக்கு இங்கே வேலையில்லை என்று புரிந்தது. பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாத பார்த்தெலெமி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. டாயில் எழுந்து நின்றால்தான் ஷார்னியே கிடைப்பான். முன்பு இதே டாயிலைத் தூண்டில் புழுவாகப் பயன்படுத்தியவரும் அவர்தான். ஆனாலும் அந்த அறையில் நடப்பதற்குக் கவனிப்பு என்றுதான் பெயர்.

இவ்வளவு பட்டபின் டாயில் மாறியிருப்பான் என்று நாம் எதிர்பார்ப்போம். நம் கதைமரபு அப்படி, வலி ஞானத்தைத் தரும். அவன் வெளியே வந்ததும் தன்னை அடைத்துவைத்த ஹோட்டலைத் தேடிப்பிடித்துப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துகிறான். அங்கே இருப்பவர்களும் தன்னைப்போல ஊசிக்குக் கையை நீட்டியவர்களாக இருக்கலாம் என்பது அவனைத் தடுப்பதில்லை. கடைசியில், துறைமுகக் கரையோரம் மூச்சிரைக்க ஓடி, படகில் நழுவும் ஷார்னியேவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு முறை சுடுகிறான். அந்த நொடியிலேயே திரை இருண்டுவிடும்.

முதல் படத்தைப் பார்த்த பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை, சீக்வெல் என்ற இளக்காரம். துரத்தலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், நடுவில் ரொம்ப நேரம் படம் ஓர் அறையைவிட்டு நகராது. 2025ல் ஜீன் ஹாக்மன் இறந்தபோது எல்லோரும் முதல் படத்தின் கார் காட்சியைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நான் அன்றிரவு அந்தச் சிறை அறைக் காட்சியைத்தான் மறுபடி போட்டுப் பார்த்தேன்.